பதினெட்டாம் துண்டு

கத்தரிக்கோல் சந்தனமேரியின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கைப்பிடி வரை இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை, மதியம் ஒன்று இருபது. புதுக்கோட்டை செம்பாறைக் கலைக்கூடத்தில் அப்போது வேறு ஆள் இல்லை. கலைக்கூடத்தின் முதலாளி உதயசூரியன் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்தவர் முதலில் பார்த்தது, பளிங்குத் தரையில் வாசல் வரை நீண்டிருந்த ரத்தக் கோட்டை. அந்தக் கோட்டின் முனையில் சந்தனமேரி ஊர்ந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் கத்தரிக்கோலைப் பிடித்திருந்தாள். அதைப் பிடுங்கினால் செத்துப்போவோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்தது. போலீஸ் வந்தது. உதயசூரியன் கூப்பிட்டதால், மூன்று மணிக்குத் துப்பறிவாளர் அருணாவும் வந்தாள்.

அருணாவுக்கு முப்பத்தெட்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைத் தோண்டிக்கொண்டிருந்தவள், நான்கு வருடங்களுக்கு முன் கீழராஜ வீதியில் ஒரு மாடி அறையைப் பிடித்துச் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினாள். அவளுடைய உதவியாளர் ராக்கன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் பஸ்ஸில் கத்திப் பழகியதால் ரகசியத்தைக்கூட அடுத்த ஸ்டாப் வரை கேட்கும்படிதான் சொல்வார்.

"மேடம், ரத்தம் பாத்தா எனக்குத் தலை சுத்தும். நான் செவத்தைப் பாத்துக்கிட்டே துப்பறியுறேன்," என்றார் ராக்கன்.

"அதுதாண்ணே வேணும். செவத்துலதான் விஷயம் இருக்கு."

சுவரில் அல்ல, சுவருக்கு இரண்டடி முன்னால் மூங்கிலில் தொங்கியது அந்தத் துணி. பன்னிரண்டடி அகலம். கண்காட்சியின் பெயரே 'உடுத்திய துணி'. ஆவூரில் தையல் டீச்சராக இருக்கும் சந்தனமேரி, ஊர் ஊராகப் போய்ப் பழைய துணி வாங்கி, துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த திரை. முன்பக்கம் பள்ளிச் சீருடை, குழந்தைச் சட்டை, கைலி, முண்டாசுத் துண்டு என்று நாற்பது வீட்டுத் துணிகள். அதன் நடுவில் இப்போது ஒரு சாண் அகல ஓட்டை.

"இந்தத் துணியை வெட்டத்தான் வந்திருக்கான். சந்தனமேரி டீச்சர் தடுத்திருக்காங்க. டேபிள்ல இருந்த அவங்க கத்தரியாலேயே அவங்களைக் குத்திட்டான்," என்றார் உதயசூரியன். "என் எடத்துல நடந்துருச்சும்மா. யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

"கேமரா?"

வாசலில் ஒரே ஒரு கேமரா இருந்தது. ஒன்று பன்னிரண்டுக்கு ஓர் உருவம் வருகிறது. முகம் மறைத்த ஹெல்மெட், முழுக்கைச் சட்டை, கைலி. படியருகே நிற்கிறது. ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைக்கிறது. உள்ளே போகிறது. ஒன்று இருபத்தொன்றுக்கு வெறுங்காலோடு ஓடுகிறது. எதையோ நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறது.

"கொல்ல வந்தவன் செருப்பைக் கழட்டிட்டா வருவான்?" என்றார் ராக்கன். "நேத்திக்கடனுக்கு வந்தவன் மாதிரில்ல வாரான்!"

"பழக்க தோசமா இருக்கும்ணே," என்றாள் அருணா. அவள் கண் ஓட்டையிலேயே இருந்தது.

இன்ஸ்பெக்டர் சோலையப்பன் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வெட்டுப்பட்ட மூன்று துண்டுகளில் ஒன்று ரிட்டயர்டு தாசில்தார் ஒருவருடைய சட்டை. "சட்டைப் பையில ஏதாவது டாக்குமெண்ட் வச்சுத் தைச்சிருக்கலாம். அந்தத் தாசில்தாரைக் கூப்பிட்டு விட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

ராக்கன் ஓட்டைக்கு அருகே போனார். பார்த்தார். மூக்கைச் சொறிந்தார்.

"மேடம், நான் முப்பது வருசம் டிக்கெட் கிழிச்சவன். எந்தப் பக்கம் கண்ணு இருக்கோ, அந்தப் பக்கந்தான் கோடு நேரா வரும். இதைப் பாருங்க. சட்டையில பாதி, கைலியில கால்வாசி, பச்சப்புள்ள சொக்காயில ஒரு ஓரம். குருடன் வெட்டுன மாதிரி கோணலா இருக்கு."

அருணா நிமிர்ந்தாள். பிறகு திரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இரண்டடி இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்தாள்.

பின்பக்கம் வேறு மாதிரி இருந்தது. யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் சந்தனமேரி மிச்சம் மீதித் துணிகளை உள்துணியாகக் கொடுத்திருந்தாள். மொத்தம் முப்பது துண்டு. அடுக்கும்போது வரிசை மாறாமல் இருக்க ஒவ்வொன்றின் மூலையிலும் மையால் எண் போட்டிருந்தாள். பதினேழு இருந்தது. பத்தொன்பது இருந்தது. நடுவில் ஒரே ஒரு துண்டு, தையலைச் சுற்றி ஒரு விரல் தள்ளி, நான்கு பக்கமும் அளவெடுத்தது போல வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

"அண்ணே! வெட்டுனவன் இந்தப் பக்கம் நின்னு வெட்டியிருக்கான். அவனுக்கு வேண்டியது பதினெட்டாம் நம்பர். தாசில்தார் சட்டை பாவம், குறுக்க வந்து மாட்டிக்கிச்சு."

"தாசில்தாரையும் விட்டுறச் சொல்லுங்க மேடம். அந்த மனுசன் பி.பி. மாத்திரை போடுறவரு."

*

ஆவூர் போய்ச் சேர நான்கேகால் ஆயிற்று. சந்தனமேரியின் அக்கா ஆரோக்கியம்மாள் ஆஸ்பத்திரிக்கு மாற்றுத் துணி எடுக்க வந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆபரேசன் நடக்குது. ரத்தம் ரெம்பப் போயிருச்சாம். எந் தங்கச்சி ஒரு ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நெனச்சதில்லைங்க."

"அவங்க வாங்குன துணியில மிச்சம் இருக்குமாக்கா?"

தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இரண்டு சாக்குகள் இருந்தன. ஒவ்வொரு துணியும் தனித்தனியாகச் சுருட்டி, எண்ணும் ஊரும் எழுதிய சீட்டை ஊக்கால் குத்தி வைத்திருந்தாள். பதினெட்டு இரண்டாவது சாக்கின் அடியில் கிடைத்தது.

அருணா அதைத் தரையில் விரித்தாள். மாம்பழ மஞ்சள் சுங்குடிச் சேலை, பச்சைக் கரை. முந்தானைப் பக்கத்தில் ஒரு சாண் மட்டும் இல்லை. சேலையின் நடுவில் காய்ந்துபோன பழுப்புக் கறை ஒரு பெரிய இலையளவு படர்ந்திருந்தது. கறைக்குள்ளே கண்ணிமை போலச் சின்னச் சின்னக் கிழிசல்கள். ஐந்து இருந்தன. ஐந்தும் ஒரே நீளம்.

ராக்கன் இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை.

சீட்டில் சந்தனமேரியின் கையெழுத்தில் மூன்று வரிகள்:

'விராலிமலை. பரோட்டாக் கடையில ஒரு அம்மா குடுத்தாங்க. பேர் சொல்லல. இதை எல்லாரும் பாக்குற மாதிரி தைங்க டீச்சர்னாங்க.'

அதற்குக் கீழே வேறு மையில்: 'கறை போகல. உள்பக்கம் வச்சுக்கலாம்.'

ஆரோக்கியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மேடம்," என்றார் ராக்கன். அவர் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது. "எனக்கு இந்தச் சேலையைத் தெரியும்."

"எப்படி?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி விராலிமலை பஸ் ஸ்டாண்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. காணவில்லை. ட்ரிப்புக்குப் பத்து நிமிசம் அதுக்கு எதுத்தாப்புலதான் நிப்பேன். பேரு பொன்னுத்தாய். கடைசியாக உடுத்தியிருந்தது மாம்பழ மஞ்சள் சுங்குடி, பச்சைக் கரை. போட்டோவுலயும் அதே சேலைதான். நோட்டீஸ் ஒட்டுனது அவ புருசன் அய்யனார். ஹைவேஸ் மேல பரோட்டாக் கடை வச்சிருக்கான். பொண்டாட்டி யார்கூடயோ ஓடிட்டான்னு கடைக்கு வாரவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லுவான். அப்புறம் வேற கல்யாணமும் பண்ணிக்கிட்டான்."

"ஓடிப்போனவ உடுத்திட்டுப் போன சேலை, ஓட்டையோட திரும்பி வந்திருக்கு," என்றாள் அருணா. "கண்காட்சியில அது இருக்குன்னு அய்யனாருக்குத் தெரிஞ்சிருக்கு. போய் வெட்டியிருக்கான். ஆனா சேலை அஞ்சரை மீட்டர்ங்கிறது அவனுக்கு ஞாபகம் வரலை. ஒரு சாணை எடுத்துட்டு, எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சிருக்கான்."

அவள் சோலையப்பனுக்கு போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்ட அவர், "நான் கிளம்பிட்டேன். நான் வர்ற வரைக்கும் கடைக்குள்ள போகாதீங்க," என்றார்.

"சரி சார்," என்றாள் அருணா.

ஆனால் போனாள். அவன் தப்பித்துவிடுவான் என்ற பயம் ஒரு காரணம். தான் கண்டுபிடித்ததை முதலில் தானே அவன் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்ற ஆசை இன்னொரு காரணம். அந்த இரண்டாவது காரணத்தை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

*

ஐந்தரை மணி. விராலிமலை நெடுஞ்சாலையில் வெயில் சாய்ந்திருந்தது. கடையில் இரண்டு லாரி டிரைவர்கள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலை ஒட்டி, இடுப்புயர சிமெண்ட் மேடை. அதன் மேல் பரோட்டாக் கல் புகைந்துகொண்டிருந்தது. கல்லுக்குப் பின்னால் அய்யனார். ஐம்பது வயதிருக்கும். தடித்த கைகள், சிரித்த முகம்.

"வாங்க வாங்க, அங்கிட்டு ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க. ஏய் அழகம்மா, எலையைப் போடு!"

உள்ளிருந்து வந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இலையைப் போட்டாள். தண்ணீர் தெளித்தாள். அவள் வலது மணிக்கட்டில் பழைய தீக்காயம் ஒன்று தோல் சுருங்கி மின்னியது.

அருணா உட்காரவில்லை. நேராக மேடைக்குப் போனாள். ராக்கன் அவள் பின்னாலேயே நின்றார்.

"பொன்னுத்தாயைப் பத்திப் பேசணும்."

அய்யனாரின் சிரிப்பு குறையவில்லை. "ஓடுனவளைப் பத்தி என்னம்மா பேச்சு? நீங்க யாரு?"

"அவங்க உடுத்திட்டுப் போன மஞ்சள் சேலை எங்கிட்ட இருக்கு. இன்னிக்கு மத்தியானம் புதுக்கோட்டையில ஒரு சாண்தான் வெட்டிட்டு வந்திருக்கீங்க. மிச்சம் அஞ்சு மீட்டர் இருக்கு. அஞ்சு குத்தும் அதுல இருக்கு."

அய்யனாரின் கையிலிருந்த, பரோட்டா திருப்பும் கரண்டி அப்படியே நின்றது. கல்லில் பரோட்டா கருகத் தொடங்கியது.

"புதுக்கோட்டையா?" என்றான் அவன். "நான் காலையிலேருந்து கல்லை விட்டு நகரலையே. இவங்களைக் கேளுங்க." லாரிக்காரர்கள் பக்கம் கை நீட்டினான். அவர்களில் ஒருவன் தலையாட்டினான். "மத்தியானச் சாப்பாட்டுக்கும் வந்தோம்க்கா. அண்ணன்தான் போட்டாரு."

அருணா அய்யனாரின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

நடிப்பில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. அப்படியானால் அந்தக் கைலியும் ஹெல்மெட்டும்? கலைக்கூடத்தின் படியில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்த கால்கள் யாருடையவை? வெறுங்கையோடு வந்து, மேசையிலிருந்த கத்தரியை எடுத்தது யார்? அழிக்க வந்தவன் ஒரு நூல்கூடப் பிசகாமல், ஒரு விரல் தள்ளித் தள்ளி வெட்டமாட்டான். தீக்குச்சி போதும் அவனுக்கு. அந்தத் துண்டு கெட்டுவிடக்கூடாது என்று நினைத்தவர்தான் அப்படி வெட்டுவார்.

அய்யனார் இதற்குள் வேறு கணக்குப் போட்டு முடித்திருந்தான். அவன் கழுத்து மெதுவாகத் திரும்பியது. இலைக்கட்டோடு நின்றிருந்த அழகம்மாளைப் பார்த்தான்.

"மத்தியானம் கீரனூருக்கு அக்காளைப் பாக்கப் போறேன்னியே," என்றான். "எஞ் சட்டையையும் கைலியையும் ஏண்டி ஊற வச்ச?"

அழகம்மாள் ஓடவில்லை. இலைக்கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

கோழி வெட்டும் கத்தி மேடையின் ஓரத்திலேயே இருந்தது. அய்யனார் அதை எடுத்ததையும் மேடையைத் தாண்டியதையும் அருணா ஒரே அசைவாகத்தான் பார்த்தாள். குறுக்கே போன அருணாவை அவன் முழங்கையால் இடித்தான். அவள் நெற்றி இரும்புத் தூணில் மோதியது. கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது.

"சண்டாளி! நான் சோறு போட்ட நாயி!"

கத்தி இறங்கியது. அழகம்மாளின் தலைக்கு இறங்கவேண்டிய வெட்டு, நடுவே புகுந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் விழுந்தது. ஸ்டூல் இரண்டாகப் பிளந்தது. அதைப் பிடித்திருந்த ராக்கனின் முன்கையிலும் கத்தி இறங்கியது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"யோவ்! வெட்டுறதுக்கு முன்னாடி எறங்குற ஸ்டாப்பைக் கேக்கமாட்டியாய்யா?" என்று கத்திக்கொண்டே ராக்கன் அவன் காலைக் கட்டிப்பிடித்தார். அய்யனார் அவர் முகத்தில் உதைத்தான். ஒரு பல் தெறித்தது. ராக்கன் விடவில்லை. கத்தி மறுபடி உயர்ந்தது.

அப்போது அழகம்மாள் அசைந்தாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சால்னா வாளியை இரண்டு கையாலும் தூக்கினாள். பிடி சுட்டிருக்கும். அவள் கவனிக்கவில்லை. முழு வாளியையும் அவன் முகத்தில் வீசினாள்.

அய்யனார் போட்ட அலறல் சாலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. அப்படியும் விழவில்லை. கண் தெரியாமல் கத்தியை வீசிக்கொண்டே சுற்றினான். அருணா கொத்துப் பரோட்டா கொத்தும் இரும்புத் தகட்டை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கத்தி விழுந்தது. இன்னொரு அடி முழங்காலில். அவன் மண்டியிட்டதும் லாரிக்காரர்கள் இருவரும் பாய்ந்து அவனை அமுக்கி, தார்ப்பாய்க் கயிற்றால் கட்டினார்கள்.

பரோட்டாக் கல்லிலிருந்து கரும்புகை எழுந்துகொண்டிருந்தது.

அருணா தன் துப்பட்டாவால் ராக்கனின் கையை இறுக்கிக் கட்டினாள். "என் தப்புண்ணே. இன்ஸ்பெக்டர் சொன்னதைக் கேட்டிருக்கணும். நானே இந்தப் பொண்ணைக் காட்டிக் குடுத்துட்டேன்."

"ஆமா மேடம். தப்புதான்," என்றார் ராக்கன், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

அழகம்மாள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தாள். வெந்த விரல்களால் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தாள். அதற்குள் சுங்குடித் துணி ஒரு சாண் இருந்தது. மூலையில் பதினெட்டு என்ற எண்.

"பரண்ல எண்ணெய் டின்னுக்குள்ள கெடந்துச்சு," என்றாள். "ஏன் எரிக்காம வச்சாருன்னு எனக்குத் தெரியாது. நோட்டீஸ்ல பாத்த சேலைதான்னு பாத்த ஒடனே புரிஞ்சுபோச்சு. யார்கிட்ட சொல்ல? எனக்கு ஆளு இல்லைங்க. அந்த டீச்சர் துணி கேட்டு வந்தப்ப, ஊரே பாக்குற எடத்துல தொங்கவிடுவேன்னாங்க. யாராவது பாப்பாங்க, கேப்பாங்கன்னு குடுத்தேன். பேப்பர்ல படம் வந்துச்சு. அதுல இந்தச் சேலை இல்லை. இன்னிக்குத் திங்கக்கிழமை. கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாங்க. டீச்சர்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போயி மனுவோட குடுத்துரலாம்னுதான் போனேன். ஊர்க்காரங்க பாத்தா இவருகிட்ட சொல்லிருவாங்கன்னு இவரு துணியையும் ஹெல்மெட்டையும் போட்டுக்கிட்டேன். உள்ள போனா டீச்சரைக் காணோம். தேடுனேன். பின்னாடி இருட்டுக்குள்ள, செவத்தைப் பாத்துக்கிட்டு இருக்குது இது. மனசு தாங்கலைங்க. கத்தரியை எடுத்து வெட்டுனேன். டீச்சர் பின்னாலருந்து வந்து ஹெல்மெட்டைப் பிடிச்சாங்க. எனக்கு அந்த நேரத்துல இவரு பிடிச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பி..."

அவள் பாலிதீன் பையைத் தரையில் வைத்தாள்.

வெளியே ஜீப் நின்றது. சோலையப்பன் உள்ளே வந்து எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். அருணாவைக் கடைசியாகப் பார்த்தார். திட்டவில்லை. கட்டப்பட்டுக் கிடந்தவனிடம் குனிந்து, "பொன்னுத்தாய் எங்கடா?" என்றார்.

அய்யனார் முனகினான்.

"நான் சொல்றேன் சார்," என்றாள் அழகம்மாள். "குடிச்சிட்டு வந்தா, அந்தக் கல்லுக்கு முன்னாடி நின்னு அவ பேரைச் சொல்லித் திட்டுவாரு. 'அங்கேயே கெட'ம்பாரு. கீழ குனிஞ்சு சொல்லுவாரு."

எல்லார் கண்ணும் பரோட்டா மேடைக்குப் போனது. லாரிக்காரர்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். இரண்டு வருடமாக இந்த வழியில் போனவர்கள் எல்லாரும் அந்த மேடையிலிருந்து வந்ததைத்தான் சாப்பிட்டிருந்தார்கள்.

கடப்பாரை வந்தது. அடுப்பை அணைத்து, கல்லை இறக்கி, சிமெண்டை உடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது அடுக்குச் செங்கலை எடுத்ததும் கான்ஸ்டபிள் கடப்பாரையைக் கீழே போட்டார். சூட்டில் கறுத்த ஒரு வெள்ளிக் கொலுசு. அதற்குள் கணுக்கால் எலும்பு.

சோலையப்பன் தொப்பியைக் கழற்றினார்.

அவருடைய போன் அடித்தது. பேசிவிட்டு அருணாவிடம் வந்தார். "சந்தனமேரி கண் முழிச்சிட்டாங்க. பேச முடியலை. ஆனா பொழைச்சுக்குவாங்களாம்." பிறகு அழகம்மாளின் பக்கம் திரும்பினார். கொஞ்சம் தயங்கினார். "அவன் மேல கொலைக் கேஸ். ஒன் மேலயும் கேஸ் இருக்கும்மா. குத்தினது நீதான்."

"ஆமா சார். நான்தான்." அவள் எழுந்தாள். கொப்புளம் கண்ட இரு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். "கூட்டிட்டுப் போங்க. ஆனா அதுக்கு முந்தி ஆசுபத்திரிக்குப் போகணும். அந்த டீச்சரை நான் பாக்கணும்."

"அவங்க ஒன்னைப் பாக்கச் சம்மதிக்கணுமே."

"சம்மதிக்கலைன்னா," என்றாள் அழகம்மாள், "வெளியிலேயே நிக்கிறேன் சார்."